சேதி சொல்லும் கொழுப்புகள் செல்லுக்குள் எங்கே இருக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் உயிரியல் பாடம் எடுக்கும்போது மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த மூலக்கூறுகளின் பெயரையும் வேலையையும் சொல்லிவிட்டு, இருக்கும் இடத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது, ஏனென்றால் இவற்றுக்கு இடம்தான் பாதி அர்த்தம். ஒரே மூலக்கூறு சவ்வின் உள்பக்கம் இருந்தால் ஒரு பொருள், வெளிப்பக்கம் வந்துவிட்டால் நேர் எதிரான பொருள்.

கொழுப்பு என்றால் எண்ணெய், நெய், தொப்பை. அது எப்படிச் சேதி சொல்லும்?

நெய்யில் இருப்பது பெரும்பாலும் டிரைகிளிசரைடு, அது சேமிப்பு. நாம் இங்கே பேசுவது சவ்வில் இருக்கும் கொழுப்புகளைப் பற்றி. செல்லைச் சுற்றி ஒரு சவ்வு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு அறையைச் சுற்றியும் ஒரு சவ்வு, எல்லாமே பாஸ்போலிப்பிட், ஸ்பிங்கோலிப்பிட், கொலஸ்டிரால் ஆகியவை இரண்டு அடுக்காக நின்று உண்டாக்கியவை. தடிமன் 4 முதல் 5 நானோமீட்டர்தான். பல காலம் இது வெறும் சுவர் என்றே நினைத்தார்கள். ஆனால் அந்தச் சுவரின் சில செங்கற்களில் ஒரு நொதி வந்து ஒரு பாஸ்பேட்டை ஒட்டினாலோ, தலையைத் தனியாக வெட்டினாலோ, வாலை உருவினாலோ, அந்த மாற்றத்தை அடையாளம் காணும் புரதம் உடனே அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்தப் புரதம் வேலையைத் தொடங்கும். இவ்வளவுதான் கொழுப்புச் சமிக்ஞை.

புரதச் சமிக்ஞை ஒன்றைப் புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் மரபணுவைப் படித்து, ஆர்என்ஏ எழுதி, புரதம் கோத்து என்று நேரம் பிடிக்கும். கொழுப்போ ஏற்கெனவே சவ்வில் கிடக்கிறது, வெட்டினால் போதும், நொடிக் கணக்கில் முடிந்துவிடும்.

சரி, சுருக்கமாகச் சொன்னால் எங்கே இருக்கின்றன?

கிட்டத்தட்ட எல்லாச் சவ்விலும். ஆனால் ஒவ்வொரு சவ்வுக்கும் ஒரு தனிக் கலவை உண்டு. செல் சவ்வின் உள்முகத்தில் பிப்2, கோல்கியில் (தயாரானவற்றைப் பிரித்து அனுப்பும் அறை) பிஐ4பி, எண்டோசோமில் (செல் விழுங்கியது வந்து சேரும் பை) பிஐ3பி, மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் கார்டியோலிப்பின், எண்டோபிளாச வலையில் (செல்லுக்குள் விரிந்திருக்கும் சவ்வு வலை) செராமைடின் பிறப்பு, உட்கருவின் உறையில் அழற்சிக் கொழுப்புகளின் தயாரிப்பு. பெயர்கள் பயமுறுத்தினால் விட்டுவிடுங்கள், கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இது எப்படித் தெரியவந்தது?

1953இல் மாபெல் ஹோகின், லோவல் ஹோகின் என்ற கணவன் மனைவி புறாவின் கணையத்தைத் துண்டு துண்டாக வெட்டி, கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த கரைசலில் போட்டு, நரம்புகள் சேதி அனுப்பும் அசிட்டைல்கோலினைச் சேர்த்துப் பார்த்தார்கள். அசிட்டைல்கோலின் வந்தால் கணையச் செல் செரிமான நொதிகளை வெளியே தள்ளும், அது தெரிந்த விஷயம். தெரியாதது என்னவென்றால், அந்தக் கதிரியக்கப் பாஸ்பரஸ் பாஸ்போலிப்பிடுகளுக்குள் பல மடங்கு அதிகமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. சுவர் என்று நினைத்தது அசைகிறது! பிற்பாடு, அப்படி அசைந்தது பாஸ்ஃபாட்டிடைல் இனாசிட்டாலும் பாஸ்ஃபாட்டிடிக் அமிலமும் என்று தெரிந்தது.

ஆனால் அது எதற்காக அசைகிறது என்று ரொம்ப நாள் யாருக்கும் பிடிபடவில்லை. 1975இல் பாப் மிச்செல் இது செல்லுக்குள் கால்சியம் ஏறுவதோடு தொடர்புடையது என்று வாதிட்டார். 1983இல் மைக்கேல் பெரிட்ஜ் குழுவினரும் ஜெர்மனி ஆய்வாளர்களும் சேர்ந்து, மறுபடியும் கணையச் செல்லிலேயே, வெட்டப்பட்ட கொழுப்பின் தலைப்பகுதி செல்லுக்குள் இருக்கும் கால்சியம் கிடங்கைத் திறக்கிறது என்று காட்டினார்கள். கேள்வி எழுந்த உறுப்பிலேயே 30 வருடம் கழித்து விடை கிடைத்தது. இந்தக் கதையை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

அந்தப் "பிப்2" என்பது என்ன? எங்கே இருக்கிறது?

பாஸ்ஃபாட்டிடைல் இனாசிட்டால் என்பது தலையில் இனாசிட்டால் என்ற ஒரு சர்க்கரை போன்ற வளையத்தைச் சுமக்கும் பாஸ்போலிப்பிட். அந்த வளையத்தின் 3, 4, 5 ஆம் இடங்களில் பாஸ்பேட் ஒட்டலாம், ஒட்டாமலும் இருக்கலாம். 4இலும் 5இலும் ஒட்டினால் அதன் பெயர் பிஐ(4,5)பி2, சுருக்கமாகப் பிப்2. செல் சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிடுகளில் இது சுமார் 1 சதவீதம்தான், அதுவும் உள்முகத்தில் மட்டும். அளவில் அற்பம், ஆனால் செல் சவ்வில் நடக்கும் முக்கால்வாசி விஷயங்களுக்கு இதன் தயவு வேண்டும்: அயனிக் கால்வாய்கள் திறப்பது, ஆக்டின் இழைகள் சவ்வோடு பிணைவது, வெளியிலிருந்து பொருளை உள்ளே இழுக்கும் குழிகள் உருவாவது, எல்லாம்.

அது விளிம்பில்தான் இருக்கிறது என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள்? கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும், அதுதான் அழகு. கொழுப்பின் மீது நேரடியாக விளக்கு கட்டுவது கடினம். அதனால் பிப்2ஐ மட்டும் தேடிப் போய் ஒட்டும் ஒரு புரதத் துண்டை எடுத்து, அதனுடன் ஜெல்லிமீனிலிருந்து கிடைத்த பச்சை ஒளிர்புரதத்தை இணைத்து, செல்லுக்குள் செலுத்துவார்கள். 1998இல் இந்த முறை வந்தது.

நான் முதல் முறை இதை நுண்ணோக்கியில் பார்த்தபோது இருட்டு அறையில் திரை முழுக்கச் செல்கள், ஒவ்வொன்றும் ஒரு பச்சை வளையம். நடுவில் கருப்பு, ஓரத்தில் மட்டும் யாரோ மெல்லிய பேனாவால் கோடு இழுத்தது மாதிரி. பக்கத்திலிருந்தவர் அசிட்டைல்கோலின் போன்ற மருந்து ஒரு துளி சேர்த்தார். சில நொடிகளில் வளையம் மங்கியது, நடுப்பகுதி முழுவதும் பச்சையாக நிறைந்தது. பிப்2 வெட்டப்பட்டுவிட்டது, ஒட்டிக்கொள்ள இடம் இல்லாத புரதத் துண்டுகள் செல்லுக்குள் அலைகின்றன. மருந்தைக் கழுவி எடுத்ததும் மெல்ல மெல்ல ஓரம் மறுபடி பச்சையானது. புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டும் விஷயம் கண் முன்னால் நடந்தது.

வெட்டிய பிறகு துண்டுகள் எங்கே போகின்றன?

இங்கேதான் இடம் என்பது முக்கியமாகிறது. பாஸ்போலிபேஸ் சி என்ற நொதி பிப்2ஐ இரண்டாக வெட்டும். தலை ஐபி3, அது நீரில் கரையும், அதனால் சவ்வை விட்டுக் கிளம்பி செல்லின் உள்திரவத்தில் நீந்தி எண்டோபிளாச வலையை அடைந்து, அங்கே கால்சியத்தைத் திறந்துவிடும். வால் டைஅசைல்கிளிசரால், அது எண்ணெய்ப் பசை, எங்கேயும் போகாது, சவ்விலேயே கிடக்கும். சவ்வில் கிடப்பதுதான் அதன் வேலை. புரத கைனேஸ் சி என்ற நொதி உள்திரவத்திலிருந்து வந்து அதோடு ஒட்டி விழித்துக்கொள்ளும். இந்த நொதியைக் கண்டறிந்தது கோபே பல்கலைக்கழகத்தின் யசுதோமி நிஷிசுகா.

இதில் நமக்குத் தெரிந்த ஒரு செடியும் வருகிறது. நேர்வாளம், சித்த மருத்துவத்தில் கடும் பேதி மருந்தாகச் சுத்தி செய்து பயன்படுத்துவார்களே, அதன் எண்ணெயில் ஃபார்பால் எஸ்டர் என்ற பொருள் இருக்கிறது. அது டைஅசைல்கிளிசரால் போலவே வேஷம் போட்டுச் சவ்வில் உட்கார்ந்து அதே நொதியை எழுப்பிவிடும் என்று 1982இல் தெரிந்தது. உண்மையான டைஅசைல்கிளிசராலைச் செல் சீக்கிரமே அப்புறப்படுத்திவிடும், இதையோ லேசில் அகற்ற முடியாது, நொதி விழித்தபடியே இருக்கும். எலியின் தோலில் நேர்வாள எண்ணெய் புற்றுநோயைத் தூண்டிவிடுவதற்குப் பின்னணி இதுதான். நேர்வாளத்தைச் சுயமாக வாங்கி உபயோகிக்க வேண்டாம், உண்மையிலேயே ஆபத்தானது.

மொத்தம் எத்தனை வகை? ஒவ்வொன்றும் எங்கே?

இனாசிட்டால் வளையத்தின் மூன்று இடங்களிலும் பாஸ்பேட் ஒட்டும் விதத்தைப் பொறுத்து ஏழு வகை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஐந்தைத் தெரிந்துகொண்டால் போதும். பிஐ4பி கோல்கியின் அடையாளம் (செல் சவ்விலும் கணிசமாக உண்டு). பிப்2 செல் சவ்வு. பிஐ3பி, செல் விழுங்கிய பொருள் முதலில் வந்து சேரும் ஆரம்ப எண்டோசோம். பிஐ(3,5)பி2 பிந்தைய எண்டோசோமும் செல்லின் செரிமான அறையான லைசோசோமும். மூன்று இடத்திலும் பாஸ்பேட் உள்ள பிப்3, தூண்டுதல் வந்தால் மட்டும் செல் சவ்வின் உள்முகத்தில் கொஞ்ச நேரம்.

எண்டோசோம் ஒன்று செல்லுக்குள் பயணம் போகும்போது அதன் மீதுள்ள கொழுப்பு மாறிக்கொண்டே வரும். பஸ் ஸ்டாண்டில் பார்த்திருப்பீர்கள், வண்டி வந்து நின்றதும் நடத்துனர் முன்னால் இருக்கும் போர்டை மாற்றுவார், அதே வண்டி இப்போது வேறு ஊருக்கு. கைனேஸ் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது, பாஸ்படேஸ் ஒன்றைக் கழற்றுகிறது, போர்டு மாறிவிட்டது. எந்தப் புரதம் ஏறலாம், எது இறங்க வேண்டும் என்பதை அந்தப் போர்டே சொல்லும்.

சவ்வுகள் ஒன்றோடு ஒன்று கலக்கின்றனவே, இந்தக் கொழுப்புகள் எல்லா இடத்துக்கும் பரவிவிடாதா?

நல்ல கேள்வி. ஒரு லிப்பிட் (கொழுப்பு) மூலக்கூறு சவ்வின் ஒரே அடுக்கில் ஒரு நொடியில் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் தூரம் ஓடிவிடும், சராசரிச் செல்லின் அகலமே 10, 20 மைக்ரோமீட்டர்தான். அப்படியிருந்தும் பிஐ4பி எண்டோபிளாச வலையில் சேர்வதில்லை. காரணம், வலையில் சாக்1 என்ற பாஸ்படேஸ் காவல் இருக்கிறது, வந்த வேகத்தில் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். ஒவ்வொரு சவ்வும் தனக்கு வேண்டியதைத் தயாரிக்கும் நொதியையும் வேண்டாததை அழிக்கும் நொதியையும் தன்னிடமே வைத்திருக்கிறது. கொழுப்பு அங்கேயே நிற்பதாகத் தெரிவது, அது ஓயாமல் உருவாகி ஓயாமல் அழிவதால்தான்.

செல் இதை ஒரு தந்திரமாகவும் பயன்படுத்துகிறது. எண்டோபிளாச வலையும் கோல்கியும் சில இடங்களில் உரசும் அளவு நெருங்கி நிற்கும். அந்த இடுக்கில் ஆக்ஸிஸ்டெரால் பிணைப்புப் புரதம் என்ற ஒன்று வலையிலிருந்து கொலஸ்டிராலை எடுத்துக் கோல்கியில் வைத்துவிட்டு, திரும்பும்போது பிஐ4பியை எடுத்து வரும். சாக்1 அதை உடனே அழித்துவிடுவதால் கோல்கி பக்கம் எப்போதும் பிஐ4பி அதிகம், வலை பக்கம் குறைவு. அந்த ஏற்ற இறக்கம்தான் கொலஸ்டிராலை மேடு நோக்கித் தள்ளும் விசை. பண்டமாற்று மாதிரி, ஆனால் காசு ஒரு பக்கம் போனதும் எரிக்கப்படுகிறது.

உள்பக்கம், வெளிப்பக்கம் என்றீர்களே, அவ்வளவு வித்தியாசமா?

வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம். பாஸ்ஃபாட்டிடைல்செரின் என்ற லிப்பிட் ஆரோக்கியமான செல்லில் செல் சவ்வின் உள்முகத்தில் மட்டுமே இருக்கும். தப்பித் தவறி வெளியே வந்தாலும் ஃபிளிப்பேஸ் என்ற புரதங்கள் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்து உள்ளே திருப்பிவிடும். செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளத் தீர்மானித்தால், கேஸ்பேஸ் நொதிகள் ஃபிளிப்பேஸை வெட்டி முடக்கி, ஸ்கிராம்பிளேஸ் என்ற இன்னொரு புரதத்தைத் திறந்துவிடும். பாஸ்ஃபாட்டிடைல்செரின் வெளிமுகத்துக்கு வந்துவிடும். அதைப் பார்த்ததும் பெருவிழுங்கிகள் (பிற செல்களையும் கிருமிகளையும் விழுங்கும் வெள்ளணுக்கள்) வந்து அந்தச் செல்லைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

நான் வகுப்பில் இப்படிச் சொல்வேன்: காலையில் தெருவில் நடக்கிறீர்கள், ஒரு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருக்கிறது. யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், என்ன நடந்திருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். நேற்று அதே நாற்காலிகள் வீட்டுக்குள் இருந்தன, அப்போது அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

இதே கொழுப்பு வெளியே வருவது எப்போதும் சாவு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. காயம் பட்டால் இரத்தத் தட்டணுக்கள் கால்சியம் ஏறியதும் வேண்டுமென்றே பாஸ்ஃபாட்டிடைல்செரினை வெளியே காட்டும், உறைதல் காரணிகள் அதன் மீது வந்து கூடும். இதற்கான ஸ்கிராம்பிளேஸ் பழுதானால் வருவதுதான் ஸ்காட் நோய்க்குறி என்ற அரிய இரத்தக்கசிவுக் கோளாறு.

மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் இப்படி ஏதாவது உண்டா?

கார்டியோலிப்பின். 1942இல் மேரி பாங்போர்ன் மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்தார், அதனால்தான் இதயம் என்ற பொருளில் அந்தப் பெயர். சாதாரணப் பாஸ்போலிப்பிடுக்கு இரண்டு வால், இதற்கு நான்கு. மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருக்கும் கொழுப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதுதான், செல்லின் மற்ற சவ்வுகளில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மைட்டோகாண்ட்ரியா பழுதானால் கார்டியோலிப்பின் உள்சவ்விலிருந்து வெளிச்சவ்வின் மேற்பரப்புக்கு வந்துவிடும், தன்விழுங்கல் (செல் தன் பழுதான பாகங்களைத் தானே செரிப்பது) புரதங்கள் அதைப் பிடித்துக்கொண்டு அந்த மைட்டோகாண்ட்ரியாவை அழிவுக்கு அனுப்பும். பார்த்தீர்களா, மறுபடியும் அதே கதை, உள்ளே இருந்தது வெளியே தெரிந்தால் முடிந்தது.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் இரத்தப் பரிசோதனைப் பட்டியலில் விடிஆர்எல் என்று ஒன்று இருக்கும், சிஃபிலிஸ் நோய்க்கானது. அந்தப் பரிசோதனைத் திரவத்தில் இருப்பது இந்தக் கார்டியோலிப்பின், லெசித்தின், கொலஸ்டிரால் மூன்றும்தான்.

செராமைடு என்று சருமக் கிரீமில் போட்டிருக்கிறதே, அதுவா இதுவும்?

மூலக்கூறு குடும்பம் ஒன்று, இடமும் வேலையும் வேறு. தோலின் மேல் அடுக்கில் செராமைடு செல்களுக்கு வெளியே, செல்களுக்கு நடுவே, சிமெண்ட் பூச்சு மாதிரி நின்று ஈரம் போகாமல் காக்கிறது. கிரீம் உதவுவது அங்கே. செல்லுக்குள் இருக்கும் செராமைடு சமிக்ஞை, வளர்ச்சியை நிறுத்து, சாகத் தயாராகு என்ற ரீதியிலான சமிக்ஞை.

அது எண்டோபிளாச வலையில் உருவாகி, செர்ட் என்ற கடத்துப் புரதம் மூலம் கோல்கிக்குப் போய், அங்கே ஸ்பிங்கோமைலினாக மாறி, கடைசியில் செல் சவ்வின் வெளிமுகத்தில் குடியேறும். தேவைப்படும்போது ஸ்பிங்கோமைலினேஸ் நொதிகள் அதை வெட்டி மறுபடி செராமைடு ஆக்கும். அமிலத்தில் வேலை செய்யும் ஸ்பிங்கோமைலினேஸ் இருப்பது லைசோசோமில். அது பிறவியிலேயே இல்லாத குழந்தைகளுக்கு நீமன்-பிக் ஏ அல்லது பி நோய் வரும், ஸ்பிங்கோமைலின் லைசோசோமில் தேங்கிக் கல்லீரலும் மண்ணீரலும் வீங்கிவிடும். இவர்களுக்கு அந்த நொதியையே மருந்தாகச் செலுத்தும் ஒலிப்யுடேஸ் ஆல்ஃபா 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

செராமைடிலிருந்து ஒரு வாலைக் கழற்றினால் ஸ்பிங்கோசின். 1884இல் இதற்குப் பெயர் வைத்த தூடிகம், மூளையிலிருந்து கிடைத்த இந்தப் பொருள் விடுகதையாக இருக்கிறது என்று ஸ்பிங்ஸின் பெயரைச் சூட்டினார். இதற்கு ஒரு பாஸ்பேட் ஒட்டினால் எஸ்1பி, அது செல்லுக்கு வெளியேயும் வேலை செய்கிறது. எஸ்1பியை அழிக்கும் லயேஸ் நொதி எண்டோபிளாச வலையில் இருக்கிறது. இரத்தச் சிவப்பணுவில் அந்த வலை கிடையாது, லயேஸும் கிடையாது, அதனால் எஸ்1பி அதில் சேர்ந்து இரத்தத்துக்குக் கிடைக்கிறது. இரத்தத்தில் அதிகம், நிணநீர் முடிச்சுத் திசுவுக்குள் குறைவு. லிம்போசைட்டுகள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்) இந்த ஏற்றத்தை மோப்பம் பிடித்துத்தான் முடிச்சிலிருந்து வெளியேறுகின்றன. ஃபிங்கோலிமோட் என்ற மருந்து அந்த மோப்பத்தைக் கெடுத்து லிம்போசைட்டுகளை முடிச்சுக்குள்ளேயே நிறுத்திவிடும். 2010 முதல், நோய் எதிர்ப்புச் செல்கள் நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்குத் தருகிறார்கள்.

உட்கருவுக்குள் கொழுப்பு இருக்க முடியுமா? அங்கே சவ்வே இல்லையே?

உறையில் சவ்வு உண்டு, உள்ளே இல்லை. ஆனாலும் பிப்2 உட்கருவின் உள்ளே, ஆர்என்ஏவைப் பதப்படுத்தும் புள்ளிகளில் புரதங்களோடு சேர்ந்து காணப்படுகிறது. ஸ்பிங்கோசின் கைனேஸ் 2 என்ற நொதி உட்கருவிலேயே எஸ்1பியைத் தயாரித்து, டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன்களிலிருந்து அசிட்டைலைக் கழற்றும் நொதிகளைத் தடுக்கிறது. ஈஸ்ட்ரோஜன், வைட்டமின் டி போன்றவை சவ்வைக் கடந்து நேராக உட்கருவில் இருக்கும் ஏற்பிகளோடு சேர்வது பள்ளியிலேயே படித்திருப்பீர்கள்.

கொலஸ்டிரால் சமிக்ஞையா, இல்லை வெறும் கட்டுமானப் பொருளா?

இரண்டும். செல்லின் கொலஸ்டிராலில் பெரும்பகுதி செல் சவ்வில் இருக்கிறது. எண்டோபிளாச வலையில் மிகக் குறைவு, அங்கே இருக்கும் லிப்பிடில் சுமார் 5 சதவீதம்தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால் ஸ்கேப் என்ற உணர்வுப் புரதம் எஸ்ஆர்இபிபி என்ற புரதத்தைக் கூட்டிக்கொண்டு கோல்கிக்குப் போகும், அங்கே அது வெட்டப்பட்டு, வெட்டிய துண்டு உட்கருவுக்குப் போய், கொலஸ்டிரால் தயாரி, இரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து வரும் எல்டிஎல் துகள்களைப் பிடிக்கும் ஏற்பிகளைக் கூட்டு என்று உத்தரவு போடும். அதாவது செல் தன் மொத்தக் கையிருப்பை எண்ணிப் பார்ப்பதில்லை, கொலஸ்டிரால் குறைவாக உள்ள ஓர் அறையில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. நிறைந்த அண்டாவில் ஒரு சொம்பு குறைந்தால் தெரியாது, சின்னக் கிண்ணத்தில் உடனே தெரியும். ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலில் தயாரிப்பை நிறுத்தும்போது இந்தக் கிண்ணம்தான் குறைகிறது, கல்லீரல் செல் பதறிப்போய் எல்டிஎல் ஏற்பிகளை வெளியே நட்டு இரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை இழுத்துக்கொள்கிறது.

ஆஸ்பிரின் எந்த இடத்தில் வேலை செய்கிறது?

காயமோ கிருமியோ செல்லைத் தொந்தரவு செய்து கால்சியம் ஏறினால், உள்திரவத்தில் சும்மா இருந்த பாஸ்போலிபேஸ் ஏ2 எண்டோபிளாச வலைக்கும் உட்கரு உறைக்கும் ஓடி, அங்கே உள்ள பாஸ்போலிப்பிடிலிருந்து அராக்கிடோனிக் அமிலத்தை உருவி எடுக்கும். அதை வலி, வீக்கம், காய்ச்சல் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டினாக மாற்றும் காக்ஸ் நொதிகளும் அதே வலையில், அதே உட்கரு உறையில் இருக்கின்றன. வேலையாட்களும் மூலப்பொருளும் ஒரே பட்டறையில். ஆஸ்பிரின் இந்தக் காக்ஸ் நொதியில் அசிட்டைல் ஒன்றை ஒட்டி நிரந்தரமாக முடக்கிவிடும். ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் தயாரிப்பைத் தடுக்கிறது என்று 1971இல் காட்டிய ஜான் வேன், 1982 நோபல் பரிசை பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன் இருவரோடும் பகிர்ந்துகொண்டார்.

மற்ற செல்கள் புதிய காக்ஸ் செய்துகொள்ளும். இரத்தத் தட்டணுவுக்கு உட்கரு இல்லை, செய்ய முடியாது, ஆகவே அதன் ஆயுள் முழுக்க, 7 முதல் 10 நாள் வரை, முடங்கியே இருக்கும். மாரடைப்பு வந்தவர்களுக்குத் தினம் ஒரு சிறு ஆஸ்பிரின் போதுமானதாக இருப்பதன் காரணம் இது.

மூச்சுக்குழாயைச் சுருக்கும் லூக்கோடிரையீன்கள் என்ற அழற்சிக் கொழுப்புகள் தயாராவதும் உட்கரு உறையில்தான். வீசிங்குக்குக் கொடுக்கும் மான்டிலுகாஸ்ட் அந்தத் தயாரிப்பைத் தொடுவதில்லை, அது செல் சவ்வில் இருக்கும் ஏற்பியை அடைத்துவிடும்.

ஆனந்தமைடு என்று ஒரு மூலக்கூறு இருப்பது உண்மையா?

உண்மை. 1992இல் ஜெருசலேமில் ராபேல் மெக்கூலம் ஆய்வகத்தில் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள், கஞ்சாவின் ஏற்பியோடு ஒட்டும் உடலின் சொந்தப் பொருள். நமக்கு நன்றாகத் தெரிந்த ஆனந்தம் என்ற சமஸ்கிருதச் சொல்லையே எடுத்துப் பெயர் வைத்தார்கள். இதன் உடன்பிறப்பு 2-ஏஜி, மேலே பார்த்த டைஅசைல்கிளிசராலிலிருந்து தயாராவது. நரம்புச் சந்திப்பில் சேதி வழக்கமாக அனுப்பும் செல்லிலிருந்து வாங்கும் செல்லுக்குப் போகும். 2-ஏஜி அதற்கு நேர்மாறு, வாங்கும் செல்லின் சவ்வில் தயாராகிப் பின்னோக்கிப் போய், அனுப்பும் செல்லின் முனையில் இருக்கும் ஏற்பியைத் தொட்டு "போதும், குறை" என்று சொல்கிறது.

சர்க்கரை நோய், புற்றுநோய் இவற்றோடு தொடர்பு உண்டா?

நிறைய உண்டு, அதில் முக்கியமானது பிப்3. இன்சுலின் தசைச் செல்லின் ஏற்பியில் வந்து ஒட்டினால் பிஐ3 கைனேஸ் என்ற நொதி செல் சவ்வின் உள்முகத்துக்கு வந்து பிப்2வின் 3ஆம் இடத்தில் பாஸ்பேட் ஒட்டி பிப்3 ஆக்கும். ஏகேடி என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு சவ்வுக்கு வந்து தூண்டப்படும், அதன் பிறகுதான் குளுக்கோஸைக் கடத்தும் வாயில்கள் செல் சவ்வுக்கு ஏறி வரும். இதை நிறுத்துவது பிடென் என்ற பாஸ்படேஸ், ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். 1997இல் புற்றுநோய் தடுப்பு மரபணுவாகக் கண்டுபிடித்தார்கள், அது புரதத்தை அல்ல, இந்தக் கொழுப்பைத்தான் குறிவைக்கிறது என்று 1998இல் தெரிந்தபோது பலருக்கும் ஆச்சரியம். பிடென் பழுதானால் பிப்3 அழியாது, வளர் வளர் என்ற சேதி ஓயாது.

மார்பகப் புற்றுநோயில் பிஐ3 கைனேஸில் பிறழ்வு உள்ளவர்களுக்கான அல்பெலிசிப் 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் முக்கியப் பக்கவிளைவு இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது. இரண்டு வேலைக்கும் ஒரே கொழுப்பு, ஒரே சவ்வு என்று தெரிந்தவருக்கு ஏன் ஏறுகிறது என்று விளக்கவே வேண்டாம்.

காசநோய்க் கிருமிக்கும் இந்த விவரம் தெரிந்த மாதிரிதான் நடந்துகொள்கிறது. பெருவிழுங்கி அதை விழுங்கியதும் அந்தப் பையின் மேல் பிஐ3பி சேர வேண்டும், சேர்ந்தால்தான் பை லைசோசோமோடு இணைந்து கிருமி சாகும். கிருமி சாப்எம் என்ற பாஸ்படேஸை விட்டு அந்தப் பிஐ3பியைக் கழற்றிவிடுகிறது. போர்டு இல்லாத வண்டியாகப் பை நின்றுவிடும், உள்ளே கிருமி பத்திரமாக வாழும்.

தேர்வுக்குப் படிக்கிறேன், எதில் தவறு வரும்?

ஐபி3யையும் பிப்3யையும் குழப்பிக்கொள்வது, எல்லா வருடமும் நடக்கிறது. ஐபி3 நீரில் கரைந்து சவ்வை விட்டுப் போவது, பிப்3 சவ்விலேயே இருப்பது. பிஐ3பி இன்னொன்று, அது எண்டோசோம். படம் வரையும்போது மூலக்கூறின் பெயரை மட்டும் எழுதாமல் எந்தச் சவ்வு, எந்த முகம் என்று பக்கத்தில் எழுதிப் பழகுங்கள், குழப்பம் தானாகவே தீரும்.

நம் நாட்டில் இதில் ஆராய்ச்சி நடக்கிறதா?

நடக்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பழ ஈயின் கண்ணை வைத்துப் பாஸ்போஇனாசிட்டைடுகளை (பிப்2 குடும்பக் கொழுப்புகளை) பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் அந்தச் சின்ன ஈதான். அதன் கண்ணில் ஒளி பட்டால் பாஸ்போலிபேஸ் சி பிப்2ஐ வெட்டும், பார்வை தொடங்குவதே அப்படித்தான். வெளிச்சம் இருக்கும் வரை வெட்டிக்கொண்டே இருக்கும், அதனால் தீர்ந்ததை வேகமாக ஈடுகட்ட வேண்டும். ஆனால் மூலப்பொருளான பாஸ்ஃபாட்டிடைல் இனாசிட்டால் தயாராவது எண்டோபிளாச வலையில், தேவைப்படுவது செல் சவ்வில். இரண்டும் நெருங்கி நிற்கும் இடுக்கில் ஆர்டிஜிபி என்ற புரதம் நின்று அந்தக் கொழுப்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கடத்துகிறது. அந்தப் புரதம் இல்லாத ஈக்களின் ஒளியுணர் செல்கள் நாளாக நாளாக அழிந்து பார்வை போய்விடும். அதே ஈக்களை இருட்டிலேயே வளர்த்தால் அழிவு மெதுவாகிறது.